சிமுலேட்டர் தனியாக ஓடுகிறது, ஃப்ரேம்வொர்க்கோடு சேர்த்தால் படுத்துவிடுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

ஒரு பக்கம் ஆஸ்பென் பிளஸ், ஹைசிஸ், டிடபிள்யூசிம் போன்ற ப்ராசஸ் சிமுலேட்டர், அதாவது வேதி ஆலையின் ஓட்டங்களைக் கணக்கிடும் மென்பொருள். மறுபக்கம் முப்பரிமாண பிளாண்ட் மாடல், சிஎஃப்டி (திரவ, வாயு ஓட்டக் கணிப்பு), சிறந்த இயக்கப் புள்ளியைத் தேடும் ஆப்டிமைசர் எல்லாவற்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவரும் விர்ச்சுவல் இன்ஜினியரிங் ஃப்ரேம்வொர்க். நடுவில் இரண்டையும் இணைக்க நாம் எழுதும் அடாப்டர். பிழை வந்தால் இரண்டு பக்கத்துக்காரர்களும் 'எங்க சைடு சரியா இருக்கு' என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். கோளாறு இருப்பது இடையில், அதாவது நம்மிடம்.

கீழே உள்ளவை, விண்டோஸில் ஓடும் சிமுலேட்டரைக் காம் (ஒரு நிரல் இன்னொன்றை இயக்க விண்டோஸ் தரும் வழி) வழியாகப் பிடித்து, அடாப்டரிலிருந்து கோர்பா (நெட்வொர்க்கில் நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் தரம்) வழியாக ஃப்ரேம்வொர்க்குக்குக் கொடுக்கும் அமைப்பை மனதில் வைத்து எழுதியவை. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான திறமூல விஇ-சூட் தன் பாகங்களைக் கோர்பாவால்தான் இணைக்கிறது. உங்களுடையது சாக்கெட்டோ ரெஸ்ட் ஏபிஐயோ பயன்படுத்தினாலும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதலில் மூன்று வெட்டு

அறிகுறிக்குப் போகுமுன் அமைப்பை மூன்றாக வெட்டிப் பாருங்கள். அடாப்டர் எந்தக் கணினியில், எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ, அதே கணினியில் அதே கணக்கில் உள்நுழைந்து, மாடல் ஃபைலைக் கையால் திறந்து ரன் கொடுங்கள். அடுத்து, ஃபைலைத் திற, ஓட்டு, ஒரே ஒரு ஸ்ட்ரீமின் (மாடலில் ஒரு குழாய் வழியாகப் போகும் ஓட்டம்) வெப்பநிலையைப் படி என்று பத்து வரியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். மூன்றாவதாக, ஃப்ரேம்வொர்க் இல்லாமல் அடாப்டரை மட்டும் கிளப்பி, ஒரு சோதனை கிளையன்டிலிருந்து கூப்பிடுங்கள். எந்த வெட்டில் உடைகிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கலாம். 'அதே கணக்கில்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். தன் கணக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சர்வீஸ் கணக்கில் (பின்னணி நிரல்கள் ஓடும் கணக்கு) ஏன் ஓடவில்லை என்று திகைப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கூத்து.

திறக்கவே மாட்டேன் என்கிறது, 80040154

காம் கிளாஸ் பதிவாகவில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே பதிவாகாமல் இருப்பது அரிது. மூன்று இடத்தில் பாருங்கள்.

ஒன்று, 32 பிட், 64 பிட் பொருத்தம். சிமுலேட்டர் தனி இஎக்ஸ்இ ஆக ஓடினால் பிட் வேறுபாடு பொதுவாகப் பாதிக்காது. விண்டோஸே இடையில் நின்று பார்த்துக்கொள்ளும். ஆனால் அடாப்டருக்குள்ளேயே ஏறி உட்காரும் டிஎல்எல் என்றால் இரண்டும் ஒரே பிட்டாக இருந்தே ஆகவேண்டும். கேப்-ஓப்பன் (சிமுலேட்டர்களுக்கான பொது இணைப்புத் தரம்) யூனிட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். கையால் பதிவு செய்யும்போது இன்னொரு பொறி: 64 பிட் பதிவுக் கருவி 'சிஸ்டம்32' ஃபோல்டரில் இருக்கும், 32 பிட் கருவி 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில் இருக்கும். பெயரைப் பார்த்து எடுத்தால் தலைகீழாகத்தான் எடுப்பீர்கள்.

இரண்டு, பதிப்பு எண். ஆஸ்பென் பிளஸின் காம் பெயரோடு ஒரு எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம்: பதிப்பு 10-க்கு 36.0, பதிப்பு 11-க்கு 37.0. விற்பனைப் பதிப்பு எண்ணும் இதுவும் வேறு வேறு. எண் இல்லாமல் பொதுப்பெயரைக் கொடுத்தால், கடைசியாகப் பதிவான பதிப்பு கிளம்பும். ஒரே கணினியில் இரண்டு பதிப்பு இருக்கிறதென்றால் எண்ணை எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, பதிவு ஒரு பயனருக்கு மட்டும் நடந்திருக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் பயனர் கிளையில் இருக்கும் பதிவு சர்வீஸ் கணக்கின் கண்ணுக்குத் தெரியாது.

கையால் ஓடுகிறது, சர்வீஸாக வைத்தால் 80070005 அல்லது 80080005

முதலாவது அனுமதி மறுப்பு. இரண்டாவது, சிமுலேட்டர் ப்ராசஸைக் கிளப்பினோம், ஆனால் அது உரிய நேரத்தில் 'வந்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. விண்டோஸ் சர்வீஸ்கள் ஓடும் செஷன் 0-வில் நாம் பார்க்கக்கூடிய டெஸ்க்டாப் கிடையாது. கிராஃபிக்கல் நிரலாகவே பிறந்த சிமுலேட்டர் அங்கே லைசென்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் பார்க்காத அறையில் காத்திருக்கும்.

டிகாம் (காமை நெட்வொர்க் வழியாக நீட்டிக்கும் வடிவம்) அமைப்பில் 'எந்த அடையாளத்தில் ஓடவேண்டும்' என்ற தேர்வை மாற்றி இதைத் தீர்ப்பவர்கள் உண்டு. என் கருத்து, அடாப்டரை சர்வீஸாக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, லாகின் ஆகும்போது தானாகக் கிளம்பும் சாதாரண நிரலாக வைப்பது நல்லது. அழகில்லைதான். ஆனால் இரவு தூக்கம் கெடாது.

சிமுலேட்டர் ஒரு கணினியிலும் அடாப்டர் இன்னொன்றிலும் இருந்து, நடுவில் டிகாம் ஓடினால், போர்ட் 135 மட்டும் திறந்தால் போதாது. 49152 முதல் 65535 வரை உள்ள டைனமிக் போர்ட்களும் வேண்டும். பல வருடம் ஓடியது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டதென்றால் சர்வரின் ஈவென்ட் லாகில் 10036 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 2023 மார்ச்சில் டிகாம் பாதுகாப்பு இறுக்கத்தைக் கட்டாயமாக்கியது. பழைய குறைந்த அங்கீகார நிலையில் வரும் அழைப்புகளை சர்வர் அதற்குப் பிறகு ஏற்பதில்லை. கிளையன்ட் பக்கம் அங்கீகார நிலையை உயர்த்தலாம். அதைவிட, அடாப்டரை சிமுலேட்டர் இருக்கும் கணினிக்கே கொண்டுபோய்விட்டால் வெளியே போவது கோர்பாவோ சாக்கெட்டோ மட்டும்தான். டிகாமை நெட்வொர்க்கில் விடாதீர்கள்.

பிழையே இல்லை, அப்படியே நிற்கிறது

பத்துக்கு எட்டு முறை கண்ணுக்குத் தெரியாத ஒரு டயலாக் பெட்டிதான் காரணம். ஒருமுறை அரைநாள் த்ரெட் லாக்குகளைத் துழாவிவிட்டு, கடைசியில் சலித்துப்போய் சிமுலேட்டரின் விஸிபிள் பண்பை ட்ரூ ஆக்கினேன். திரை நடுவில் சின்னதாக ஒரு பெட்டி, 'இந்த ஃபைல் பழைய பதிப்பில் சேமிக்கப்பட்டது, மாற்றட்டுமா?' என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தொங்கினால் முதல் வேலையே ஜன்னலைக் காட்டச் சொல்வதுதான். காரணம் தெரிந்த பிறகு டயலாக்குகளை அடக்கும் பண்பைப் போட்டுவிடலாம். தெரியும்முன் அடக்காதீர்கள், சில கேள்விகளுக்கு அது தானாகச் சொல்லும் பதில் நமக்கு வேண்டிய பதிலாக இருக்காது.

பெட்டி இல்லையென்றால் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை). இங்கே காமும் கோர்பாவும் நேருக்கு நேர் மோதுகின்றன. கோர்பா சர்வர் வரும் ஒவ்வொரு அழைப்பையும் தன் த்ரெட் கூட்டத்தில் கையில் கிடைத்த ஒரு த்ரெட்டிடம் கொடுக்கும். காம் பொருளோ, எந்த ஒற்றை த்ரெட் அபார்ட்மென்டில் பிறந்ததோ அந்த த்ரெட்டுக்கு மட்டும் கட்டுப்பட்டது. முதல் அழைப்பு தற்செயலாக சரியான த்ரெட்டில் விழுந்து ஓடிவிடும். மூன்றாவது அழைப்பு வேறு த்ரெட்டில் விழுந்து, வேறு த்ரெட்டுக்காக மார்ஷல் செய்த (கடத்தத் தயாரித்த) இன்டர்ஃபேஸ் என்று புலம்பும், அல்லது மெசேஜ் பம்ப் (வரும் செய்திகளை எடுத்துக் கையாளும் சுற்று) ஓடாததால் அப்படியே உறையும். 'சில நேரம் ஓடுகிறது' என்ற புகார் வந்தாலே என் சந்தேகம் இங்கேதான் போகும்.

தீர்வு ஒன்றுதான் எனக்குத் தெரிந்து நிலைத்தது. காம் பொருளைத் திறப்பது, ஓட்டுவது, படிப்பது, மூடுவது எல்லாம் ஒரே ஒரு த்ரெட். அது தொடக்கத்தில் காமைத் துவக்கி, மெசேஜ் பம்பை ஓட்டிக்கொண்டு, ஒரு க்யூவிலிருந்து வேலைகளை எடுத்துச் செய்யும். கோர்பா த்ரெட்டுகள் க்யூவில் வேலையைப் போட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும், காம் பொருளைத் தொடவே தொடாது.

80010001 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிமுலேட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது, அழைப்பை மறுத்தது, அவ்வளவுதான். சிறிது விட்டு மறுபடி கேட்கும்படி எழுதுங்கள்.

அதே கணினியில் ஃப்ரேம்வொர்க் பார்க்கிறது; இன்னொரு கணினியிலிருந்து பார்த்தால் ட்ரான்சியன்ட் பிழை

கோர்பா பொருளின் முகவரிச் சீட்டான ஐஓஆருக்குள் சர்வரின் ஹோஸ்ட் பெயரும் போர்ட்டும் எழுதப்பட்டிருக்கும். விபிஎன், விர்ச்சுவல் மெஷின் என்று கணினியில் நான்கு நெட்வொர்க் கார்டு இருந்தால், அடாப்டர் தப்பான கார்டின் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடும். கிளையன்ட் நேமிங் சர்வீஸை (பொருள்களின் பெயரும் சீட்டும் இருக்கும் பட்டியல்) எட்டும், சீட்டை வாங்கும், அதில் உள்ள முகவரிக்குப் போகும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். டாவோ என்ற கோர்பா மென்பொருளைப் பயன்படுத்தினால் அதோடு வரும் கேட்ஐஓஆர் கருவியில் சீட்டைப் பிரித்துப் பார்க்கலாம். சரியான முகவரியையும் நிலையான ஒரு போர்ட்டையும் லிசன் எண்ட்பாயிண்ட் விருப்பத்தில் கொடுத்துக் கிளப்புங்கள். ஃபயர்வாலிலும் அந்த ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும்.

அடாப்டரை மறுபடி கிளப்பியபின் மட்டும் இந்தப் பிழை வருகிறதென்றால் நேமிங் சர்வீஸில் பழைய சீட்டு கிடக்கிறது. பதிவு செய்ய பைண்ட் அழைப்புக்குப் பதில், பழையதை மாற்றி எழுதும் ரீபைண்ட்.

ஓடுகிறது, விடையும் வருகிறது, எண் மட்டும் தப்பு

இதற்கு மேலே சொன்னவை எல்லாம் சத்தம் போடும் பிழைகள். இது சத்தம் போடாது. லாகில் எல்லாம் பச்சை. முப்பரிமாண மாடலில் நிறம் அழகாக மாறும், கூட்டத்தில் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அதனால்தான் இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை என்கிறேன்.

கோடைத் திறக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரீமை எடுத்து, சிமுலேட்டர் திரையில் தெரியும் எண்ணையும் ஃப்ரேம்வொர்க் காட்டும் எண்ணையும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வகுத்துப் பாருங்கள். விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும்.

3600 என்றால் மணியும் வினாடியும். 1000 என்றால் கிலோமோலும் மோலும், அல்லது கிலோபாஸ்கலும் பாஸ்கலும். 18.015 வந்தால் தண்ணீர் ஸ்ட்ரீமில் மோலுக்குப் பதில் நிறையைப் படித்திருக்கிறீர்கள். 4.18 பக்கத்தில் வந்தால் கலோரியும் ஜூலும். 0.4536 என்றால் பவுண்டும் கிலோகிராமும். விகிதம் ஸ்ட்ரீமுக்கு ஸ்ட்ரீம் மாறுகிறதா? வகுக்காமல் கழித்துப் பாருங்கள். 273.15 வந்தால் செல்சியஸும் கெல்வினும், 1.013 பார் வந்தால் கேஜ் அழுத்தமும் முழு அழுத்தமும்.

கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஹைசிஸ் திரையில் ஃபீட் 25 டிகிரி, 100 கிலோமோல்/மணி. காம் வழியாக நேரடி மதிப்பைக் கேட்டால் வெப்பநிலை 25 என்றே வரும். மோலார் ஃப்ளோ 0.02778 என்று வரும். ஏனென்றால் அதன் உள் அலகுகள் செல்சியஸ், கிலோபாஸ்கல், கிலோமோல்/வினாடி. வெப்பநிலை சரியாக இருப்பதைப் பார்த்து 'திரையில் உள்ளதுதான் வருகிறது' என்று நம்பி ஃப்ளோவில் ஏமாந்துபோவோம். அலகின் பெயரைக் கொடுத்துக் கேட்கும் கெட்வேல்யூ முறை இருக்கும்போது வெறும் மதிப்பைக் கேட்காதீர்கள். டிடபிள்யூசிம்மின் உள் கணக்கோ எஸ்ஐ: கெல்வின், பாஸ்கல். ஆஸ்பென் பிளஸில் நோட் (மாடலின் தரவு மரத்தில் ஒரு மாறி இருக்கும் இடம்) கொடுக்கும் எண் அந்த ஃபைலில் தேர்ந்தெடுத்த அலகுத் தொகுதியைப் பொறுத்தது. யாரோ நல்லெண்ணத்தில் அலகுத் தொகுதியை மாற்றிச் சேமித்தால் உங்கள் அடாப்டர் மறுநாள் பொய் சொல்லும். மதிப்போடு அலகுப் பெயரையும் படித்து, எதிர்பார்த்த அலகு இல்லையென்றால் அடாப்டர் ஓட மறுக்கட்டும்.

ஹைசிஸிலிருந்து -32767 வந்தால் அது மதிப்பே இல்லை. 'இந்த இடம் காலி' என்பதற்கான அடையாளம் அது. சோதிக்காமல் விட்டால் அலகு மாற்றத்தில் நுழைந்து வேறொரு அபத்த எண்ணாக வெளியே வரும், பிறகு அடையாளமும் தெரியாது. அதனால் சோதனை அலகு மாற்றத்துக்கு முன்னால்.

அடுத்து கலவை வரிசை. இரண்டு பக்கமும் அதே ஆறு சேர்மங்கள். வரிசை மட்டும் வேறு. வெறும் எண் வரிசையாக மோல் பின்னங்களை அனுப்பினால் கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் 1 தான், எந்தச் சோதனையும் கத்தாது, நைட்ரஜன் இருக்கவேண்டிய இடத்தில் மீத்தேன் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு எண்ணோடும் பெயரையோ சிஏஎஸ் எண்ணையோ (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி எண்) சேர்த்தே அனுப்புங்கள். இரண்டு பைட் மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது.

கடைசியாக என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்). ஒவ்வொரு நிரலும் பூஜ்யத்தை ஓரிடத்தில் வைத்திருக்கும். ஆஸ்பென் பிளஸ் உருவாக்க வெப்பத்தையும் சேர்த்துச் சொல்லும். சிஎஃப்டி பக்கம் பல நேரம் உணர்வெப்பத்தை மட்டும் வைத்திருப்பார்கள். அதனால் நீராவி ஸ்ட்ரீமின் என்தால்பி ஒரு பக்கம் பெரிய எதிர்ம எண், மறுபக்கம் நேர்ம எண். இரண்டும் சரி. எல்லையைத் தாண்டி என்தால்பியை அனுப்பாமல் வெப்பநிலை, அழுத்தம், கலவையை அனுப்பி அந்தப் பக்கமே கணக்கிட விடுங்கள். ஒற்றைச் சேர்மம் கொதிநிலையில் இருந்தால் மட்டும் வெப்பநிலையும் அழுத்தமும் போதாது. ஆவிப் பின்னத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும்.

இன்புட்டை மாற்றினாலும் விடை மாறவில்லை

ஓட்டம் முடியுமுன் படித்துவிட்டீர்களா, ஹைசிஸில் சால்வர் (கணக்கைத் தீர்க்கும் பகுதி) நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மாற்றங்களை மொத்தமாக எழுத சால்வரை அணைத்துவிட்டு மறுபடி போட மறப்பது எல்லோரும் ஒருமுறையாவது செய்வது.

அதுவும் சரியென்றால், நீங்கள் எழுதும் இடத்தை சிமுலேட்டர் பார்ப்பதே இல்லை. ஒரு ஃபிளாஷ் பிளாக் (திரவ, ஆவி பிரிவைக் கணக்கிடும் பகுதி) அழுத்தமும் ஆவிப் பின்னமும் என்று அமைக்கப்பட்டிருக்கும். நீங்கள் வெப்பநிலை நோடில் எழுதுவீர்கள். அது மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும், பயன்படுத்தாது. இல்லையென்றால் மாடலுக்குள் ஒரு டிசைன் ஸ்பெக்கோ (குறித்த இலக்கை எட்ட மாறியை மாற்றும் கட்டளை) கால்குலேட்டர் பிளாக்கோ அதே மாறியைத் திருத்திக்கொண்டிருக்கும். மாடல் கட்டியவரிடம் இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். வேறொருவர் மாடலில் நாமே தேடினால் சாயங்காலம் ஆகிவிடும்.

முதல் ஒன்பது முறை கன்வர்ஜ் ஆனது, பத்தாவது ஆகவில்லை, பிறகு எதுவுமே ஆகவில்லை

கன்வர்ஜ் ஆவது என்றால் கணக்கு நிலையான விடைக்கு வந்து நிற்பது. சிமுலேட்டர் போன ஓட்டத்தின் விடையை அடுத்த ஓட்டத்தின் தொடக்க யூகமாக எடுத்துக்கொள்கிறது. ஆப்டிமைசர் ஒருமுறை அபத்தமான புள்ளியைக் கொடுத்துவிட்டால் அதன் அழுக்கு அடுத்தடுத்த ஓட்டங்களில் ஒட்டிக்கொள்ளும். தோற்ற ஓட்டத்துக்குப் பிறகு ரீஇனிட் (தொடக்க நிலைக்குத் திருப்புதல்) செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் செய்தால் பாதுகாப்புதான், ஆனால் பெரிய ரீசைக்கிள் உள்ள மாடலில் நேரம் பலமடங்காகும். தோற்றால் மட்டும் என்பது என் வழக்கம். அதற்கு முதலில் தோற்றதா என்று அடாப்டருக்குத் தெரியவேண்டும். ரன் அழைப்பு பிழையில்லாமல் திரும்பியது என்றால் கன்வர்ஜ் ஆனது என்று அர்த்தமில்லை. ஓட்ட நிலை நோடைத் தனியாகப் படியுங்கள்.

சிஎஃப்டி மாடலை ஃப்ளோஷீட்டுக்குள் ஒரு பிளாக்காக வைத்திருந்தால் இன்னொரு விஷயம். ஆஸ்பென் பிளஸில் டேர் ஸ்ட்ரீமின் (சுற்றைத் தீர்க்க வெட்டி ஊகிக்கும் ஓட்டம்) இயல்பு டாலரன்ஸ் 0.0001, முறை வெக்ஸ்டீன். சிஎஃப்டி ரெசிடுவல்களை (மீதிப் பிழை வரம்பை) தளர்த்தி வைத்ததால் 900 கெல்வின் வெளியீடு ஒவ்வொரு ஓட்டத்திலும் 0.3 கெல்வின் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 0.00033. வெளிச் சுற்று கேட்கும் துல்லியத்தைவிட உள்ளே இருக்கும் நடுக்கமே மூன்று மடங்கு. ஆயிரம் இட்டரேஷன் கொடுத்தாலும் இது முடியாது. உள்ளே இறுக்குங்கள் அல்லது வெளியே தளர்த்துங்கள். மேக்ஸிமம் இட்டரேஷனைக் கூட்டுவது மட்டும் வேண்டாம்.

கேப்-ஓப்பன் யூனிட் பட்டியலில் இருக்கிறது, வேலிடேட் தாண்டவில்லை

கேப்-ஓப்பனில் வெப்பவியல் பண்புகளைக் கேட்கும் தெர்மோ இன்டர்ஃபேஸ் 1.0, 1.1 என்று இரண்டு உண்டு. மெட்டீரியல் பொருளின் அமைப்பே இரண்டிலும் வேறு. யூனிட் ஒன்றைப் பேசி சிமுலேட்டர் மற்றதைக் கொடுத்தால் இந்த இடத்தில்தான் விழும். இரண்டு பக்கமும் ஒரே பதிப்புக்கு வாருங்கள். யார் யாரை எந்த வரிசையில் அழைத்தார்கள் என்று பார்க்க, இந்தத் தரத்தைப் பராமரிக்கும் கோ-லான் அமைப்பின் லாகிங் கருவியை நடுவில் வைத்துப் பாருங்கள். ஊகிப்பதைவிட வேகமாக முடியும்.

எல்லாம் மூடியாயிற்று, லைசென்ஸ் மட்டும் திரும்பவில்லை

டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பக்கம் போய்ப் பாருங்கள், ஜன்னல் இல்லாத சிமுலேட்டர் ப்ராசஸ்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு லைசென்ஸைப் பிடித்திருக்கும். அடாப்டர் பாதியில் செத்தால் குளோஸ் அழைப்பு போகவே இல்லை. அல்லது குளோஸ் போனது, ஆனால் டாட்நெட் பக்கம் ஏதோ ஒரு நோடின் குறிப்பு விடுவிக்கப்படாமல் இருக்கிறது. வேகத்துக்காக நோடுகளை ஒருமுறை தேடிப் பிடித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான், ஒவ்வொரு படிப்புக்கும் மரத்தில் தேடினால் மெதுவாகும். ஆனால் அந்தக் குறிப்புகளையும் மூடும்போது விடவேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் எப்போதாவது ஒன்று தங்கிவிடும் என்பதால், என் அடாப்டர் கிளப்பும் ப்ராசஸின் எண்ணை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைக்கிறது. அடுத்த முறை கிளம்பும்போது அந்த எண்ணில் அதே சிமுலேட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் அதை மட்டும் கொன்றுவிட்டு வேலையைத் தொடங்குகிறது. பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் கொல்லும்படி எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் யாராவது சேமிக்காத மாடலைத் திறந்து வைத்திருப்பார்கள்.